ஞாயிறு ஏழு மணி

உவர்மலை, திருகோணமலை,
ஞாயிறு இரவு.

அன்பு மகளுக்கு,

நீ போன் எடுத்து இரண்டு கிழமையாகிறது. வேலை கூடவாக்கும். கனடாவில் குளிர்காலத்துக்கு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்பினால் உன் காலை ஒன்பதரை இங்கே இரவு எட்டாகிவிடும். தம்பி ஆறரைக்கே போனுக்கு முன்னால் வந்து இருந்துவிடுவான். இனி எட்டரைக்கு எடு பிள்ளை, இங்கே சரியாக ஏழு. எங்களுக்குப் பிறகு தம்பியை யார் பார்ப்பது என்று அன்றைக்கு அம்மா கேட்டதை மனதில் வைத்திருக்காதே. அவளைத் தெரியும்தானே.

தம்பி இப்போது தேத்தண்ணி போடுகிறான். குசினிச் சுவரில் ஆறு படம் வரிசையாக ஒட்டியிருக்கிறோம். கடைசிப் படத்திலிருந்து பழக்கச் சொன்னவர் ரீச்சர். மற்றதெல்லாம் நாங்கள் செய்து, சீனி கலக்குவதை மட்டும் அவனிடம் விட்டோம். அது பழகியதும் சாயம் வடிப்பது, அப்புறம் அதற்கு முந்தினது. எந்த நாளும் முடித்து வைப்பவன் அவன்தான். அந்தச் சந்தோசத்தைப் பார்க்கவேண்டும். நான்கு மாதம் எடுத்தது. அடுப்பை மட்டும் இன்னும் நான் பற்றவைக்கிறேன்.

பாண் வாங்கவும் தனியாகப் போகிறான். றோட்டில் மான் நின்றால் அது போகும்வரை அசையமாட்டான். நான் பின்னால் போவதில்லை. சரி, மதிலோரம் நின்று பார்ப்பேன்.

பின்னறைக்குத் தனிக் கதவு வைக்க மேசனிடம் கதைத்திருக்கிறேன். திறப்பு அவனிடம் இருக்கும்.

"27 வயதுப் பொடியனுக்கு ஷேர்ட் தெறி பூட்டுகிறீர்களே" என்று போனமுறை ஏசினாய். இரண்டு கிழமை வந்து நின்று சொல்லிவிட்டுப் போவது சுகம் என்று நினைத்தேன். இப்போது அவனே பூட்டுகிறான், மேல் தெறியைத் தவிர.

கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கு விடிய முதல் பஸ்ஸில் உங்களைக் கூட்டிப்போவேனே. ஏழு கிணற்றிலும் அவன் அதே வரிசையில்தான் அள்ளி ஊற்றுவான், பிசகினால் முதலிலிருந்து. விடியற்புற வெந்நீர் உடம்புக்கு நல்லது என்று சொல்லி வைத்திருந்தேன். அந்த நேரம் சனம் இராது, அதற்காகத்தான் பிள்ளை. ஓட்டிசம் என்ற சொல்லே அப்போது என் வாயில் வராது. தனியாக பஸ் ஏறப் பழக்குவோம் என்று பத்து வருஷத்துக்கு முன்னமே கேட்டார்கள். பாதுகாப்பில்லை என்றேன். நாலு பேர் பார்ப்பார்களே என்ற வெட்கத்தில் அவனுடைய பத்து வருஷத்தை நான் தின்றுவிட்டேன்.

வருகிற மாதம் கன்னியா பஸ்ஸில் அவன் முன் சீற்றில், நான் பின்னால். பிறகு நான் ஏறப்போவதில்லை. உன்னிடம் ஒன்றும் கேட்டு எழுதவில்லை, நீ உன் குடும்பத்தைப் பார்.

எட்டரைக்கு எடு. இன்றைக்கும் ஒன்பது மணிவரை இருந்தான்.

அப்பா