ஊருணிக் கணக்கும் மைக்செட் அண்ணனும்

அன்புள்ள வத்தலுக்கு,

தீபாவளிக்கு முன்னால் நீ போட்ட கடிதத்துக்குப் பொங்கல் கழிந்து பதில் எழுதுகிறேன். திட்டுவதைத் திட்டி முடித்துவிட்டு மேலே படி. இங்கே எல்லாரும் சுகம். கண்மாயில் முக்கால்வாசித் தண்ணீர் கிடக்கிறது. சின்னவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டே இருக்கிறோம், அவனும் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறான். உன் முழங்காலைப் பற்றி டாக்டர் என்ன சொன்னார் என்று நீயே எழுது. உன் மருமகளைக் கேட்டால் எப்போதும் "அத்தை நல்லா இருக்காங்க" ஒன்றுதான்.

போனில் பேசியிருக்கலாம். ஆனால் இது எழுத்தில் இருக்க வேண்டிய விஷயம், இதில் உனக்கும் பங்கு இருக்கிறது. அதைக் கடைசியில்தான் சொல்வேன், பக்கத்தைப் புரட்டாதே.

மேலத்தெரு ஊருணிக்குப் படித்துறை கட்டினார்களே, அதிலிருந்துதான் தொடங்கியது. போன பஞ்சாயத்துத் தலைவி காலத்து வேலை. கட்டி முடித்த நாளிலிருந்து டீக்கடையில் மைக்செட் அண்ணனுக்கு ஒரே பாட்டு: "அந்தப் பொம்பளை ஊருணியையே முழுங்கிருச்சு." ஒரு நாள் வீட்டுக்கே வந்துவிட்டார். "தங்கச்சி, நீ தபாலாபீஸ்ல இருந்தவ. தகவல் உரிமைச் சட்டத்துல ஒரு மனு எழுதிப் போடு. செலவு பூரா அண்ணன் பொறுப்பு." செலவு எவ்வளவு தெரியுமா? பத்து ரூபாய்க்கு ஒரு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப். அந்தப் பத்து ரூபாய் இன்னும் வரவில்லை.

அவர் கையோடு ஒரு மனு எழுதிக் கொண்டுவந்திருந்தார். "ஏன் ஊழல் செய்தார்? இதற்கு யார் பொறுப்பு? எப்போது கைது?" கணக்கு சார் உயிரோடு இருந்திருந்தால் சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்துவிட்டு உட்காரச் சொல்லியிருப்பார். ஏன், எதற்கு என்று கேட்டால் அதிகாரி பதில் சொல்ல வேண்டியதில்லை. கையில் இருக்கிற ஆவணத்தைத்தான் கொடுக்க வேண்டும், கருத்துச் சொல்லவோ புதிதாகத் தகவல் உண்டாக்கவோ அவசியமில்லை என்று 2011இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே கேள்விக்குறியே இல்லாமல் எழுதினேன். வேலைக்கான தீர்மானத்தின் நகல், எஸ்டிமேட் நகல், வேலை உத்தரவு நகல், வேலையை அளந்து எழுதி வைக்கிற எம் புக்கில் இந்த வேலைக்கான பக்கங்கள், பில், வவுச்சர், எடுத்துச் செய்தவர் பெயர். கூடவே நேரில் பார்வையிட அனுமதி. இவ்வளவுதான்.

மேலூர் கோர்ட் வாசலில் ஸ்டாம்ப் விற்கிறவர், "என்ன கேஸும்மா, சொத்தா, ஜீவனாம்சமா?" என்றார். ஊருணி என்றேன். ஒரு மாதிரி பார்த்தார்.

அப்புறம் தபாலில் சேர்க்கப் போனால், பதிவுத் தபாலே இல்லை என்றார்கள். 2025இல் அதை ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்களாம். எனக்குத் தெரியாமல் இல்லை, ஆனாலும் கவுண்டரில் நின்று கேட்கும்போது வயிறு எரிந்தது. என் வாழ்நாள் பூராவும் ரிஜிஸ்தர் ரிஜிஸ்தர் என்று முத்திரை குத்திய கை இது. இதைப் பற்றித் தனியாக ஒரு கடிதம் எழுதுவேன், நீ தப்ப முடியாது.

முப்பது நாளில் பதில் தர வேண்டும் என்பது சட்டம். நாள் போனதே தவிர ஒரு வரி வரவில்லை. மேல்முறையீடு எழுதிப் போட்டேன். அதன் பிறகுதான் அசைந்தார்கள். வந்து பாருங்கள், பக்கத்துக்கு ரெண்டு ரூபாய் கட்டி நகல் வாங்கிக்கொள்ளுங்கள் என்று கடிதம். பூசணிப் பயலைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வேலையில் போட்ட சாமான்களின் மாதிரியைக்கூட எடுக்கச் சட்டத்தில் உரிமை உண்டு என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன், அவன் கடப்பாரையைத் தேடக் கிளம்பிவிட்டான். சான்றிட்ட மாதிரி என்றால் அதிகாரி முன்னிலையில் எடுப்பதுடா, ராத்திரியில் படியைப் பெயர்த்துக்கொண்டு வருவதில்லை என்று நிறுத்தி வைத்தேன்.

ஆபீசில் நாற்காலி போட்டார்கள், டீ வாங்கி வந்தார்கள். "எதுக்கும்மா இதெல்லாம்?" என்று அங்கிருந்த தம்பி கேட்டான். காரணம் கேட்கச் சட்டத்தில் இடமில்லை தம்பி என்றேன். சிரித்துவிட்டான், நல்ல பிள்ளை. முதல் ஒரு மணி நேரம் பார்வையிடக் கட்டணம் கிடையாது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எம் புக்கைத் திறந்தேன்.

நாலு கரையிலும் படித்துறை என்று அளவு எழுதியிருக்கிறது, வத்தல். நீளம், அகலம், உயரம், கன அளவு எல்லாம் அழகான கையெழுத்தில். ஊருணியில் படி நிற்பது ரெண்டு கரையில். மற்ற ரெண்டு கரையிலும் ஆடு மேய்கிறது.

இதுவரைக்கும் மைக்செட் அண்ணன் சொன்னது சரி. ஆனால் அந்தப் பக்கங்களில் யார் யார் கையெழுத்து இருக்கிறது என்று பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் வேறு மாதிரித் தெரிய ஆரம்பித்தது. எம் புக்கில் அளந்து எழுதியது ஓவர்சியர். சரிபார்த்தேன் என்று போட்டது இன்ஜினியர். பில்லைப் பாஸ் பண்ணியதும் ஆபீஸ்தான். பணம் வெளியே போகப் பஞ்சாயத்துத் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும், ஒருவர் போட்டால் ஒரு பைசா நகராது. போன முறை துணைத் தலைவர் யார்? சொல்லு பார்ப்போம். மைக்செட் அண்ணனின் மூத்த மாப்பிள்ளை! ஒவ்வொரு வவுச்சரிலும் ரெண்டு கையெழுத்து. தலைவியுடையது ஆரம்பப் பள்ளிப் பிள்ளை எழுதியது போல ஒவ்வோர் எழுத்தாக, பக்கத்திலேயே மாப்பிள்ளையுடையது பாம்பு மாதிரி நெளிந்து கீழே ஒரு கோடு.

நகலைக் கொண்டுபோய் அண்ணனிடம் காட்டினேன். படித்தார். திருப்பிப் படித்தார். "தங்கச்சி, நடந்தது நடந்துபோச்சு, ஊர் மானம்னு ஒண்ணு இருக்குல்ல" என்றார். டீக்கடையில் அத்தனை நாள் இல்லாத ஊர் மானம்! அன்றிலிருந்து என்னைக் கண்டால் சைக்கிளை வேறு சந்தில் திருப்புகிறார்.

சிரிப்பு இதோடு முடிந்தது.

அந்தத் தலைவியைப் போய்ப் பார்த்தேன். உனக்குத் தெரியும், கிழக்குத் தெருக்காரி, நம்மோடு எட்டாவது வரை படித்தவள், பின் பெஞ்சு. 2019 டிசம்பரில் தேர்தல் வந்தபோது நம்ம ஊர் ஆதிதிராவிடர் பெண்களுக்கு ஒதுக்கீடு. நம்ம தெருக்காரர்கள் ராத்திரியோடு ராத்திரியாகக் கூடி, யார் நின்றால் "சொன்ன பேச்சு கேட்கும்" என்று பேசித்தான் அவளை நிறுத்தினார்கள். நகலைப் பார்த்துவிட்டு அவள் அழவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "கையெழுத்து என்னோடதுதான்க்கா, இல்லேங்கல. நாலு கரையும் கட்டுனாத்தான் போடுவேன்னு ரெண்டு மாசம் வச்சிருந்தேன். அந்த ரெண்டு மாசம் தண்ணி மோட்டாருக்குக் கரண்டு பில் கட்டவும் துணைத் தலைவர் கையெழுத்துப் போடல. எங்க தெருவுலயும் தண்ணி வரல, உங்க தெருவுலயும் வரல. யாரை வைதாங்க? என்னையத்தான்."

அவள் சொன்னதை எல்லாம் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தலைவர் என்றால் பதில் சொல்லத்தான் வேண்டும், அவளும் வேண்டும். ஆனால் அந்தத் தாளில் ஐந்து கையெழுத்து இருக்க, ஊர் ஒன்றை மட்டும்தானே படித்தது?

மேலவளவு நமக்கு எத்தனை தூரம்? 1996இல் ஆதிதிராவிடர்களுக்கான தனி ஊராட்சியானது. ஜெயித்து வந்த தலைவர் முருகேசனையும் கூட இருந்தவர்களையும் சேர்த்து ஆறு பேரை 1997 ஜூன் 30 அன்று ஓடுகிற பஸ்ஸை மறித்து வெட்டினார்களே. அன்றைக்கு மேலூர் பக்கம் பஸ்ஸில் போகவே நாம் பயந்தோம். உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் பத்து வருஷம் தேர்தலையே நடக்கவிடவில்லை, 2006இல்தான் ஒழுங்காக நடந்தது. அதே 1997இல்தான் தமிழ்நாட்டில் முதல் தகவல் சட்டமும் வந்தது, 2005 மத்தியச் சட்டத்துக்கு எட்டு வருஷம் முந்தி. விலக்கு மேல் விலக்கு வைத்த சட்டம், யாருக்கும் பெரிதாகப் பயன்படவில்லை. இப்போது நம்மவர்கள் அரிவாள் எடுப்பதில்லை. மனு எடுக்கிறார்கள். அந்த ஆபீஸ் தம்பியே சொன்னான்: "உங்க ஊர்லருந்து மனு வந்தா எல்லாம் 2020க்கு அப்புறம் உள்ளதுதாம்மா. அதுக்கு முந்தின கணக்கை ஒருத்தரும் கேட்டதில்ல." 2020தான் அவள் தலைவியாக உட்கார்ந்த வருஷம். இதைக் கேட்டபோது எனக்குக் கூசியது. ராஜஸ்தானில் கூலிக்காரர்கள் தங்கள் கூலிக் கணக்கைக் காட்டச் சொல்லிப் போராடித்தான் இந்தச் சட்டத்துக்கு விதை போட்டார்கள். அது நம்ம ஊருக்கு வந்து கிழக்குத் தெருப் பெண் ஒருத்தியை மிரட்டுகிற காகிதமாக நிற்கிறது. அதற்காகக் கேட்பதை நிறுத்த முடியுமா? முடியாது. எல்லாரையும் கேட்க வேண்டும்.

அதனால் ரெண்டாவது மனு போட்டுவிட்டேன். 2011 முதல் 2016 வரை, பெரிய வீட்டு மாமா தலைவராக இருந்த காலம். 2016 முதல் 2019 வரை தேர்தலே இல்லாமல் அரசாங்கம் போட்ட தனி அலுவலர் ஓட்டிய காலம். 2025 ஜனவரி 5ஓடு போன பஞ்சாயத்தின் பதவிக்காலம் முடிந்து மறுபடி தனி அலுவலர் வந்த காலம். ஊருணி, தெருவிளக்கு, சிமெண்ட் ரோடு, போர்வெல், எல்லாவற்றுக்கும் தீர்மானமும் எம் புக்கும் வவுச்சரும். ஓட்டுப் போட்டு வந்தவர்களாவது தெருவில் எதிரே வருவார்கள், நிறுத்திக் கேட்கலாம். தனி அலுவலரை எந்த டீக்கடையில் பிடிப்பது?

இதற்கு நடுவில் இன்னொரு தலைவலி. முதல் மனுவில் எடுத்துச் செய்தவர் பெயரைக் கேட்டதற்கு, தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜெ) பிரிவின்படி தனிப்பட்ட தகவல், தர இயலாது என்று ஒற்றை வரி. பொதுப் பணத்தில் கட்டிய படிக்கட்டில் என்னடி தனிப்பட்டது? முன்பெல்லாம் பொது வேலைக்குச் சம்பந்தமில்லாத தனி விவரத்தைத்தான் மறுக்கலாம். பாராளுமன்றத்துக்கும் சட்டசபைக்கும் மறுக்க முடியாத தகவலைக் குடிமகனுக்கும் மறுக்க முடியாது என்று கூடவே ஒரு வரியும் இருந்தது. 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை வைத்து அதையெல்லாம் எடுத்துவிட்டு, "தனிப்பட்ட தகவல்" என்ற ரெண்டு சொல்லோடு நிறுத்திவிட்டார்கள். 2025 நவம்பரில் அமலுக்கும் வந்துவிட்டது. இனிமேல் இதையே முத்திரையாகச் செய்து வைத்துக் குத்துவார்கள் என்று நினைக்கிறேன். ஆனால் 8(2) இன்னும் இருக்கிறது, பொதுநலன் பெரிதென்றால் கொடுக்கலாம் என்கிறது. அதை வைத்து மேல்முறையீடு எழுதி வைத்திருக்கிறேன். அங்கேயும் இல்லை என்றால் தொண்ணூறு நாளுக்குள் சென்னைக்கு, தகவல் ஆணையத்துக்கு. என் வீட்டுக்காரர், "பென்ஷன் வாங்குறவ சும்மா இருக்க மாட்டியா" என்கிறார். பென்ஷன் வாங்குகிறதால்தான் நேரம் இருக்கிறது.

சரி, இப்போது உன் பங்கு.

2011 முதல் 2016 வரை நீ மூணாவது வார்டு மெம்பர். தீர்மானப் புத்தகத்தின் நகலைக் கேட்டிருக்கிறேன், ஒவ்வொரு கூட்டத்துக்குக் கீழேயும் உன் கையெழுத்து வரப்போகிறது. கூட்டம் நடந்ததோ இல்லையோ, நோட்டு சாயங்காலம் உன் வீட்டுத் திண்ணைக்கு வரும், நீ வெங்காயம் உரித்த கையோடு கையெழுத்துப் போட்டு அனுப்புவாய். பக்கத்தில் உட்கார்ந்து நானே பார்த்திருக்கிறேன். மேலே எழுதியிருந்ததை உன் வீட்டுக்காரர்தான் படித்தார், நீ படித்ததில்லை. அப்போது அது நமக்குச் சிரிப்பாக இருந்தது.

உனக்காக அந்த வருஷங்களை விட்டுவிடலாமா என்று யோசிக்காமல் இல்லை. விட்டால் நானும் மைக்செட் அண்ணனும் ஒன்று. அதனால் முதலில் உனக்குச் சொல்கிறேன், வேறு வாயால் கேட்டு நீ வருத்தப்படக் கூடாது. கோபம் வந்தால் கோபப்படு. ஆனால் அதற்கு முன்னால் யோசித்துப் பார்த்து எழுது: வடக்குத் தெரு சிமெண்ட் ரோடு தீர்மானம் எந்த வருஷம் வந்தது? அதை எடுத்துச் செய்தது மாமாவின் மச்சினனா, வெளியாளா? கூட்டத்தில் யாராவது எதிர்த்துப் பேசினார்களா? உன்னிடம் பழைய அஜெண்டா தாள் ஏதாவது டிரங்குப் பெட்டியில் கிடந்தால் எறியாதே, போட்டோ எடுத்துப் பேரனிடம் கொடுத்து அனுப்பு.

ஜனவரி 26 கிராம சபையில் வரவு செலவை வரிவரியாகப் படிக்கச் சொல்லப் போகிறேன். டங்ஸ்டன் சுரங்கத்தை எதிர்த்து நடந்த போராட்டத்துக்குப் பிறகு இந்தப் பக்கம் கிராம சபைக்குப் பெண்கள் நிறையப் பேர் வருகிறார்கள், தீர்மானம் என்றால் என்ன என்று இப்போது எல்லாருக்கும் தெரியும். கிழக்குத் தெருக்காரியும் வருகிறேன் என்றிருக்கிறாள். பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வேன். அதற்கு முன்னால் உன் பதில் வந்தால் நல்லது. ஸ்பீடு போஸ்ட்டில் போடு, வேறு வழியில்லை.

உன்,
போஸ்டம்மா

பி.கு: பூசணி அந்த ஆடு மேயும் கரையை அளந்து, போட்டோ எடுத்து, எம் புக் பக்கத்தோடு ஒட்டி வைத்திருக்கிறான். அவனுக்கு உன் ஊரில் ஏதாவது வேலை இருந்தால் சொல்லு, இங்கே இருந்தால் எனக்கு ஓய்வே இருக்காது.