நேராப் போகாத படகு

மாப்ளே,

மூணு மாசமா பதில் போடாதது தப்புதான். திட்டுறதை நேர்ல வச்சுக்கோ. அம்மாவுக்கு முழங்கால் தேவலை, சின்னவன் பாஸாயிட்டான், எனக்கு முடி இன்னும் கொஞ்சம் போச்சு. வீட்டுச் செய்தி அவ்வளவுதான்.

உன்கிட்ட சொல்ல வேண்டியது படகைப் பத்தி. சிரிக்காதே, "நீ சைக்கிளையே நேரா ஓட்டினதில்லையே"ன்னு ஆரம்பிக்காதே. வேகமாப் போனா அம்பு மாதிரி போகும். துறைகிட்ட வந்து மெதுவாக்கினா, குடிச்சவன் நடக்கிற மாதிரி இடம் வலம்னு அலையும். நான் வலப்பக்கம் திருப்புவேன், ஒண்ணும் நடக்காது. இன்னும் திருப்புவேன். அப்புறம் ரெண்டுக்கும் சேர்த்து ஒரே வெட்டு வெட்டும். கரையில நிக்கிறவங்களுக்கு நல்ல பொழுதுபோக்கு.

இதுல பாதி என் கோளாறு. என்னோடது அவுட்போர்டு, அதாவது படகுக்குப் பின்னால வெளியே தொங்குற எஞ்சின். அதுக்குத் தனியாச் சுக்கான் கிடையாது, விசிறி தள்ளுற தண்ணிதான் படகைத் திருப்புது. மெதுவாப் போனா அந்தத் தள்ளு கொஞ்சம்தான், நியூட்ரல்ல போட்டா அதுவும் இல்லை. நான் பயந்து பயந்து நியூட்ரலுக்கு வந்துட்டு, வீலைச் சுத்திக்கிட்டு நின்னிருக்கேன்! இப்போ முதல்ல வீலைத் திருப்புறேன், அப்புறம் ஒரு நொடி கியர் போட்டு எடுக்கிறேன். ஆடினா ஆடட்டும்னு வீலை நடுவுல பிடிச்சுக்கிட்டா, தானே ஆடித் தானே திரும்பி வருது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பதில் சொன்னாத்தான் பெருசாகுது (உன் மாமனார்கிட்ட பேசுற மாதிரின்னு வச்சுக்கோயேன்).

நங்கூரம், பெட்ரோல் கேன் எல்லாத்தையும் அணியத்துலயே, அதான் படகோட முன்பக்கத்துலயே, அடுக்கி வச்சிருந்தேன். மூக்கு அழுந்தினா அங்கேயே தண்ணியைப் பிடிச்சுக்கும், பின்பக்கம் வழுக்கிக்கிட்டுப் போகும். கேனைப் பின்னால தள்ளி, மெதுவாப் போறப்ப எஞ்சினை முழுசா இறக்கி வச்சேன். பாதி ஆட்டம் அடங்கிடுச்சு.

மீதிப் பாதிதான் என்னைத் தூங்க விடலை.

எஞ்சினை நிறுத்திட்டு, சின்னவனைப் பின்னால உட்கார வச்சு, "எஞ்சின் அசைஞ்ச உடனே கத்து"ன்னேன். வீலைப் பொறுமையாத் திருப்பினேன். நாலு விரல்கடை போச்சு, சத்தமே இல்லை. விளையாடுறான்னு நினைச்சு அதட்டினேன். "அது அசையவே இல்லைப்பா"ன்னான். எஞ்சினோட சேர்ற இணைப்புக் கம்பி லூஸா இருக்கும், நட்டை இறுக்கினாச் சரியாகிடும்னு பார்த்தேன். அது உறுதியாத்தான் இருந்தது. வீல்லேர்ந்து எஞ்சினுக்குப் போற கேபிளைக் கழட்டினா, எஞ்சின் பக்கத்து முனையில மேலுறை வெடிச்சு, உள்ளே கம்பியெல்லாம் துரு. மாப்ளே, இந்தக் கேபிளை வச்சுக்கிட்டு முழு வேகத்துல போயிருக்கேன், அவனை முன்னால உட்கார வச்சு. அங்கே அறுந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு சொல்ல வேண்டாம். அன்னைக்கு ராத்திரி எழுந்து போய் அவன் தூங்குறதைப் பார்த்துட்டு வந்தேன்.

மெக்கானிக் ஒட்டுப் போடுற பேச்சே எடுக்கலை, புதுசுதான் போட்டார். கிரீஸ் அடிக்கிறதுல ஒண்ணு சொன்னார்: கேபிள் முனையை முழுசா உள்ளே இழுத்துக்கிட்டுத்தான் அடிக்கணும், நீட்டி வச்சு அடிச்சா கிரீஸ் உள்ளே அடைச்சுக்கிட்டு ஸ்டீயரிங்கையே பூட்டிடுமாம். நான் இத்தனை நாளும் நீட்டி வச்சுத்தான் அடிச்சேன்.

இப்பவும் மெதுவாப் போனா கொஞ்சம் ஆடத்தான் செய்யுது. அது படகோட குணம்.

போன தடவை நீ ஏதோ "வீல் பஞ்சு மாதிரி இருக்கு, பழகிடுச்சு"ன்னியே, அது எனக்கு இப்போதான் உறைக்குது. உன்னோடது ஹைட்ராலிக், கேபிளுக்குப் பதிலா எண்ணெய் அழுத்தத்துல திரும்புறது. லைன்ல காத்து புகுந்திருக்கலாம், இல்லைன்னா எண்ணெய் குறைஞ்சிருக்கும். குறைஞ்சிருந்தா சும்மா ஊத்தி மூடாதே, எங்கேயோ கசியுது. எஞ்சினைத் திருப்புற சிலிண்டரோட முனையைத் துணியால துடைச்சுப் பாரு. காத்தை எடுத்தப்புறமும் பஞ்சு மாதிரியே இருந்தா ஆளைக் கூப்பிடு.

ஞாயித்துக்கிழமை கிளம்புறதுக்கு முன்னால தங்கச்சியைப் பின்னால உட்கார வச்சு அதே சோதனையைப் பண்ணு. எத்தனை விரல்கடைன்னு எனக்கு எழுது. பொய் சொன்னா தங்கச்சிகிட்டயே கேட்டுக்கிறேன்.

உன்,
நேரா ஓட்டத் தெரியாதவன்