அண்ணன் என்றால் எந்த அண்ணன்?

கோத்தகிரி,
ஞாயிறு மாலை

அன்புள்ள ராஜேந்திரா,

கடிதம் கிடைத்தது. யாழினி இளங்கலை மானுடவியலில் சேர்ந்தது ரொம்ப சந்தோஷம். இங்கே நாலு நாளாக மழை விடவில்லை. கேரட் எடுக்கிற வேலை அப்படியே நிற்கிறது.

முதல் வருஷத்தில் எதை ஊன்றிப் படிக்கலாம் என்று கேட்டிருந்தாய். உறவுமுறைப் படம் போடக் கற்றுக்கொள்ளட்டும். ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம், கல்யாணத்துக்கு இரட்டைக்கோடு, இறந்தவர் மேல் குறுக்கே ஒரு கோடு. குறிகள் அரை மணி நேரத்தில் பிடிபட்டுவிடும். தப்பு வருவது கேள்வியில்தான்.

"உங்களுக்கு எத்தனை அண்ணன்?" என்று கேட்டால் பெரியப்பா மகனும் பெரியம்மா மகனும் கணக்கில் சேர்ந்துவிடுவார்கள். மாமா என்றால் அம்மாவின் தம்பியா, அத்தையின் வீட்டுக்காரரா, மாமனாரா? அதனால் அப்பா, அம்மா, கணவன், மனைவி, பிள்ளை என்ற ஐந்து சொல்லோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். "உங்க அம்மா வயிற்றில் பிறந்தவங்க யார் யார்? மூத்தவர் யார்? அவர் மனைவி? அவங்களுக்குப் பிள்ளைங்க?" இப்படியே போய்ப் படம் முடிந்த பிறகுதான், ஒவ்வொருவரையும் காட்டி "இவரை எப்படிக் கூப்பிடுவீங்க?" என்று கேட்டு அடியில் எழுத வேண்டும். வரிசை மாறினால் எல்லாம் குழம்பும். சிறுவயதில் இறந்த பிள்ளைகளும் கட்டிக்கொடுத்த பெண்களும் தாமாக வாயில் வரமாட்டார்கள். தனியாகக் கேட்க வேண்டும்.

ரிவர்ஸ் என்ற ஆங்கிலேய மானுடவியலாளர் 1898இல் ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே உள்ள டோரஸ் நீரிணைத் தீவுகளில் தொடங்கிய முறை இது. பிறகு நம் நீலகிரிப் பழங்குடிகளான தோடர்களிடம் இதே வழியில் வம்சாவளி எடுத்து 1906இல் நூலாக்கினார். இறந்த சொந்தக்காரர் பெயரைச் சொல்லத் தோடர்கள் தயங்கியதால், ஒரு குடும்பத்தின் வரலாற்றை வேறு குடும்பத்தாரிடம் கேட்டு வாங்கினார். அதைவிடப் பெரிய பாடம் "அப்பா" என்ற சொல்லில் இருந்தது. அன்று சகோதரர்களுக்கு ஒரே மனைவி இருப்பது வழக்கம். கர்ப்பத்தின் ஏழாம் மாதத்தில் மனைவிக்கு வில் கொடுக்கும் சடங்கைச் செய்தவரே தகப்பன்; வேறொருவர் வில் கொடுக்கும்வரை, முதலில் கொடுத்தவர் இறந்த பின் பிறந்த பிள்ளையும் அவருடையதே. ரத்த உறவை மட்டும் நினைத்துக் கோடு இழுப்பவர் படம் அங்கே முழுக்கப் பொய்யாகிவிடும். இதை யாழினி இப்போதே புரிந்துகொண்டால் போதும், மற்ற பாடமெல்லாம் பின்னாலேயே வரும்.

முதலில் உங்கள் வீட்டுக்கே நாலு தலைமுறைப் படம் போடட்டும். பாட்டியிடம் ஒரு தடவை, அத்தையிடம் தனியாக ஒரு தடவை. இரண்டும் ஒத்துவராத இடங்களைச் சுழித்து வைக்கட்டும். குறிப்பை அன்று ராத்திரியே நல்ல பிரதி எடுக்க வேண்டும்; மறுநாள் பாதி மறந்துபோகும்.

விடுமுறையில் அனுப்பி வை. முத்தோரை பாலடாவில் பழங்குடியினர் ஆராய்ச்சி மையம் இருக்கிறது, கூட்டிப்போகிறேன். மந்துக்கு, அதாவது தோடர் குடியிருப்புக்குப் போவதென்றால் முன்கூட்டியே கேட்டுத்தான் போக வேண்டும். அங்கே கோயிலாகவே மதிக்கிற பால்மனையான பால்கோயில் பக்கம் பெண்கள் போவதில்லை என்பதையும் சொல்லிவிடு.

அதற்கு முன் அவள் போட்ட படத்தைத் தபாலில் அனுப்பச் சொல். பென்சில் திருத்தங்களை அழிக்க வேண்டாம்.

அன்புடன்,
மாதேஷ்