காசு இருந்தால்தான் அறிவாளியா?

ஆசிரியருக்கு வணக்கம்.

எங்கள் ஊர்ப் பள்ளி ஆண்டு விழாவில் பேசிய மனை வியாபாரி ஒருவர், "அறிவு இருந்திருந்தால் உங்கள் அப்பாக்கள் இன்னும் சேற்றிலா நிற்பார்கள்?" என்று பிள்ளைகளைக் கேட்டார். கூட்டம் கைதட்டியது. எனக்கு வயிறு எரிந்தது.

பக்கத்துக் கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை ராமானுஜன், மற்ற பாடங்களில் தேறாமல் கல்லூரி உதவித்தொகையை இழந்தவர். 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா. 1918இல் லண்டன் ராயல் சொசைட்டி என்ற பெரிய அறிவியல் சங்கத்தின் உறுப்பினர். அந்த 30 ரூபாயை வைத்தா அவர் மூளையை அளப்பது?

சரி, அவர் மேதை. எங்கள் தெருவில் நடவுக்கு வரும் அக்காவைச் சொல்கிறேன். நாற்றைக் கையில் எடுத்ததுமே எத்தனை நாள் நாற்று என்பார். மேட்டூர் தண்ணீர் தாமதமானால் எந்த வயலுக்கு எந்த ரகம் தாங்கும் என்று அவரிடம்தான் கேட்போம். சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. அவர் அப்பாவுக்கும் இல்லை. அந்த வியாபாரியின் அப்பாவுக்கோ வேலிக் கணக்கில், அதாவது ஏக்கர் ஏக்கராக, நிலம் இருந்தது. வித்தியாசம் அங்கேதான் தொடங்குகிறது.

உழைத்துச் சம்பாதித்தவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பிள்ளைகள் முன்னால் யாரைப் பேசவைப்பது என்று தலைமை ஆசிரியர்கள் யோசிக்க வேண்டும். அடுத்த ஆண்டு மேடைக்கு அந்த அக்காவை அழையுங்கள்.

இப்படிக்கு,
குத்தகை விவசாயி ஒருவர்,
வலங்கைமான்.