பாப்பாவுக்கு மூச்சு வாங்கினபோது கூட நின்றவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம். பாப்பா தேறிவிட்டாள். இருமல் மட்டும் விட்டு விட்டு இருக்கிறது, அது இரண்டு மூன்று வாரம் இழுக்கும் என்று டாக்டரம்மா முதலிலேயே சொல்லிவிட்டதால் பயமில்லை. ஒவ்வொருவருக்காகப் போன் போட்டுச் சொல்ல முடியவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

முதல் நன்றி டாக்டரம்மாவுக்குத்தான். நாலு மாதக் குழந்தை நெஞ்சில் கர்கர் என்று சத்தம் வந்தால் எந்த வீட்டிலும் "ஆன்டிபயாடிக் எழுதலையா?" என்றுதான் கேட்பார்கள், நாங்களும் கேட்டோம். இது பிராங்கியோலைட்டிஸ், பெரும்பாலும் ஆர்எஸ்வி என்கிற வைரஸால் வருவது, நுரையீரலில் இருக்கிற மெல்லிய குழாய்கள் வீங்கிச் சளி அடைத்துக்கொள்கிறது, வைரஸை ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது என்று உட்கார வைத்துச் சொன்னார். மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை கூடத்தான் செய்யும், அப்புறம்தான் இறங்கும் என்றும் சொன்னாரே, அந்த ஒரு வார்த்தைதான் எங்களைக் காப்பாற்றியது. நிஜமாகவே கூடினபோது இன்னொரு டாக்டர், இன்னொரு மருந்து என்று அலையாமல் இருந்தோம். இருமல் சிரப்பும் கொடுக்கவில்லை. 2025-இல் மத்தியப் பிரதேசத்தில் சிரப் குடித்துக் குழந்தைகள் இறந்த செய்தியைப் பார்த்த பிறகு அதை வீட்டில் யாரும் கேட்கவும் இல்லை.

அடுத்து நர்ஸ் அக்கா. மூச்சை எண்ணக் கற்றுக்கொடுத்தது நீங்கள்தான். அழும்போது எண்ணக்கூடாது, தூங்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதை ஒன்று என்று வைத்து, முழுசாக ஒரு நிமிடம் போன் டைமரைப் பார்த்து எண்ண வேண்டும். இந்த வயதில் 50-க்கு மேல் போனாலோ, விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிப்பது பாதியாகக் குறைந்தாலோ, மூத்திரத் துணி நனையாவிட்டாலோ உடனே தூக்கிக்கொண்டு வா, உதடு நீலம் பாரித்தால் யோசிக்காமல் 108 என்று காகிதத்தில் எழுதிக் கொடுத்தீர்கள். அது இன்னும் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது, கிழிக்க மனசில்லை.

அத்தை, உங்களுக்கு என்ன சொல்ல! கற்பூரத் தைலம், மூக்கில் எண்ணெய், ஆவி, தேன், ஓமத்தண்ணி என்று உங்கள் கையில் இருந்த அத்தனை வைத்தியத்தையும் டாக்டர் வேண்டாம் என்றபோது முகம் சுளிக்காமல் "சரி, வேற என்ன செய்யணும்னு சொல்லச் சொல்லு" என்றீர்கள். அப்புறம் அந்த வேலையை உங்களைவிட யாரும் நன்றாகச் செய்யவில்லை. பால் கொடுப்பதற்கு முன்னால் உப்புநீர் சொட்டு மூக்கின் இரண்டு பக்கமும் விட்டு, சளி இளகும்வரை காத்திருந்து, மெல்லிய வேட்டித் துணியைத் திரித்துத் துடைத்துவிடுவீர்கள். இந்த வயதுக் குழந்தைக்கு மூச்சு விட மூக்குதான் வழி, அடைத்துக்கொண்டால் மார்பைப் பிடித்த வேகத்தில் விட்டுவிட்டு அழுகிறாள். நான் கறந்து வைத்த பாலைப் பாலாடையில் கொஞ்சம் கொஞ்சமாக, இடையில் நிறுத்தி மூச்சு வாங்க விட்டு நீங்கள் புகட்டின அழகை வீடியோ எடுக்கவில்லையே என்று இருக்கிறது. ராத்திரி தோளில் நிமிர்த்திச் சாய்த்துக்கொண்டு ஹாலில் நடந்தது மாமாவும் இவரும். தூங்கினதும் மல்லாக்கப் படுக்க வைத்துவிடுவோம், தலையணை கிடையாது.

எதிர்வீட்டுப் பாட்டி மார்கழி மாதத்தில் வாசலில் சாம்பிராணி போடுவதை எங்களுக்காக நிறுத்தினார், நாங்கள் கேட்கவே இல்லை. கீழ்வீட்டில் கொசுவர்த்தியை விட்டு வலைக்கு மாறினார்கள். சித்தப்பா, நீங்களும்தான். சிகரெட்டை வாசலோடு விட்டதற்கும், சட்டை மாற்றாமல் பாப்பாவைத் தூக்காததற்கும் நன்றி. அப்படியே மொத்தமாக விட்டுவிட்டால் இன்னொரு மடல் எழுதத் தயார்.

நடுராத்திரியில் கூப்பிட்டதும் வந்து, ஆஸ்பத்திரி வாசலில் விடியும்வரை வண்டியிலேயே காத்திருந்த ஆட்டோ அண்ணன், காசு வாங்க மறுத்தது நியாயமே இல்லை. பொங்கலுக்கு வீட்டுக்கு வாருங்கள், பார்த்துக்கொள்கிறேன்.

ரசம் சாதம் அனுப்பினவர்களின் டிபன் கேரியர்கள் எல்லாம் கழுவித் திண்ணையில் இருக்கின்றன, எது யாருடையது என்று எனக்குத் தெரியவில்லை, வந்து எடுத்துக்கொள்ளுங்கள். பாப்பாவையும் பார்க்கலாம். சளி இருமல் இருப்பவர்கள் மட்டும் ஜன்னல் வழியாகக் கையாட்டிவிட்டுப் போங்கள்.