விடுமுறை வாசிப்பும் திரும்பி வராத மூன்று புத்தகங்களும்: வாசகர் வட்டத்தின் ஆண்டறிக்கை

தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். கணக்கைப் பொருளாளர் படிப்பார். தீபாவளி ஒன்றுகூடல் நன்றாகவே நடந்தது, நாற்காலி வாடகைதான் கொஞ்சம் கூடிப்போனது. அதை இத்தோடு விட்டுவிட்டு, இந்த ஆண்டு நாம் உருப்படியாகச் செய்த ஒரே காரியமான இடைநிலைப்பள்ளி மாணவர்களின் விடுமுறை வாசிப்பைப் பற்றி எழுதுகிறேன்.

வெளிநாட்டில் இதைக் கோடை வாசிப்பு என்கிறார்கள். மலேசியாவில், நம் சுங்கை சிப்புட்டில் கோடை ஏது? நமக்கு ஆண்டிறுதி விடுமுறை, அதுவும் மழையில்.

முதல் வாரம் சொதப்பல். பள்ளியில் நிலாம் என்னும் வாசிப்புத் திட்டப் பதிவுக்கு எழுதுவதுபோல நாமும் ஒரு பாரம் அடித்துக் கொடுத்தோம்: தலைப்பு, ஆசிரியர், கதைச்சுருக்கம், படிப்பினை. பதினொரு பாரம் வந்தது, ஒன்பதில் முதல் வாக்கியம் ஒன்றே, எழுத்துப்பிழை உட்பட. பாரம் என் யோசனைதான், செயலவையைக் குறை சொல்லாதீர்கள்.

அப்புறம் பாரத்தைத் தூக்கிப்போட்டோம். சனிக்கிழமை கோயில் மண்டபத்துக்கு வருபவர் தனக்குப் பிடித்த ஒரு பக்கத்தைச் சத்தமாக வாசித்தால் போதும், ஆனால் ஆசிரியர்களும் அதே புத்தகத்தைப் படித்துவிட்டு வரவேண்டும், கேள்வி கேட்கக்கூடாது என்று முடிவானது. நான்கு ஆசிரியர்கள் வந்தார்கள். கேள்வி கேட்காமல் உட்காருவது அவர்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்பதைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

எடுத்துக்கொண்ட நாவல் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', 1993இல் வந்தது. அன்று சயாம் எனப்பட்ட தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர் தண்டவாளம்; போர்க்காலத்தில் ஜப்பானியர்கள் 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள், அதற்கு நம் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் பேரைக் கொண்டுபோனார்கள். நான்காம் படிவத்துக்கு வரலாறு எடுக்கும் சார் ஒருவர், ஐந்தாம் படிவத்தோடு தமிழ் வாசிப்பதை விட்டவர், ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்து வாசித்தார். 'கங்காணி'யில் தடுக்கியபோது பக்கத்தில் இருந்த பையன் மெதுவாக எடுத்துக்கொடுத்தான். முடித்துவிட்டு சார் சொன்னார்: "இத்தனை வருஷமா இதை வகுப்புல ரெண்டு நிமிஷத்துல தாண்டிப் போயிருக்கேன்."

அடுத்த வாரம் மூன்றாம் படிவ மாணவி ஒருத்தி வாசிக்க மாட்டேன் என்றாள். வீட்டில் கொள்ளுப்பாட்டிக்கு வாசித்துக் காட்டினாளாம், பாதியில் பாட்டி போதும் என்று கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கைக்குழந்தையாக இருந்தபோது அப்பா சயாமுக்குப் போனவர், சாவுச் செய்தியும் வரவில்லை, ஆளும் வரவில்லை. அம்மா கடைசிவரை தாலியைக் கழற்றவில்லையாம். இதைச் சொல்லிவிட்டு அந்தப் பெண் உட்கார்ந்துகொண்டாள். அன்றைக்குப் பசியாறலுக்கு வைத்த வடை அப்படியே மிஞ்சியது.

இன்னொன்று. வந்தவர்களில் இருவர் தமிழ் வகுப்பே இல்லாத இடைநிலைப்பள்ளியில் படிக்கிறார்கள். குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ் சொல்லிக்கொடுக்க 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் இடம் தருகிறது. அந்த இரு வீட்டாருக்கும் இது தெரியாது, நம் உறுப்பினர்களிலும் பாதிப்பேருக்குத் தெரியாது என்பதை அன்றுதான் கண்டேன். இப்போது ஒன்பது பெற்றோரிடம் பேசியாயிற்று. மீதி ஆறு பேரைச் செம்பனைத் தோட்டத்துப் பக்கம் இருப்பவர்கள் பிடித்துத் தரவேண்டும்.

குறை என்றால், புத்தகம் கோலாலம்பூரிலிருந்து தாமதமாக வந்தது, 12 பிரதியை இரண்டு பேருக்கு ஒன்றாகத்தான் கொடுக்க முடிந்தது. ஒரு பிரதி மோட்டார் கூடையில் மழை குடித்து உப்பிவிட்டது, பரவாயில்லை, படித்ததற்கு அடையாளம். மூன்று பிரதி இன்னும் திரும்பவில்லை. யார் வீட்டில் இருக்கிறது என்று தெரியும், பெயர் சொல்லவில்லை. ஆனால் மூன்றில் இரண்டு ஆசிரியர் வீட்டில் இருக்கிறது. தைப்பூசத்துக்குள் கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள்.

செயலாளர்