செயலாளர் அறிக்கை: பாட்டு உரிமைக்குக் காசு கட்டத் தயார், கட்டும் கவுண்டர் எங்கே?

தலைவர் அவர்களுக்கும், நேரில் வந்த உறுப்பினர்களுக்கும், வாட்ஸ்அப்பில் மட்டும் தலைகாட்டும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். சேலம் மெல்லிசைக் கலைஞர்களான நமக்கு ஆடிமாதக் கோயில் கச்சேரிகள் இந்த ஆண்டும் குறைவில்லை. பழைய சவுண்டு மிக்சரை மாற்றியாயிற்று. சந்தா பாதிப் பேரிடம் பாக்கி. மற்ற நேரமெல்லாம் காப்பிரைட் பஞ்சாயத்திலேயே போனதால் அதைத்தான் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

ஏற்காட்டில் ஒரு கல்யாண வரவேற்பில் நம் தம்பி ஒருவர் பாடியதை வீடியோவாக இணையத்தில் ஏற்றினார். மறுநாளே "பாட்டு எங்களுடையது" என்று காப்பிரைட் கிளைம் வந்து வீடியோவில் சத்தம் போய்விட்டது, அடுத்த புக்கிங்குக்குக் காட்ட அவரிடம் இருந்ததே அந்த ஒரு வீடியோதான். "கல்யாணத்துல பாடலாம்னு நீங்கதானேண்ணே சொன்னீங்க" என்று என்னைப் பிடித்துக்கொண்டார். சொன்னது உண்மைதான். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கல்யாணத்தை ஒட்டிய விசேஷங்களில் பாடுவதை மீறலாகப் பார்ப்பதில்லை. ஆனால் அந்தச் சலுகை மண்டப வாசலோடு சரி, இணையத்தில் போடுவது வேறு கணக்கு.

சரி, காசு கட்டியே போடுவோம் என்று கிளம்பினால் தலை சுற்றியது. நாம் ஒரே பாட்டு என்று சொல்வது சட்டத்தின் கண்ணில் வரி, மெட்டு, ஒலிப்பதிவு என்று தனித்தனிச் சொத்து. வரிக்கும் மெட்டுக்கும் மேடை உரிமம் தர 1969இலிருந்து ஐ.பி.ஆர்.எஸ். என்ற உரிமைச் சங்கம் இருக்கிறது. கரோக்கி டிராக் போட்டுப் பாடினால் அந்த டிராக்குக்கும் ஒரு சொந்தக்காரர் உண்டு. வீடியோ என்றால் படத்தோடு பாட்டைச் சேர்க்கத் தனி அனுமதி. மூன்று இடங்களுக்கு எழுதினோம், ஒன்றிலிருந்து மட்டும் பதில் வந்தது, அதுவும் "எங்களிடம் இல்லை" என்று.

அதே சட்டத்தில் 31சி பிரிவு என்று ஒரு வழி இருக்கிறது. முதல் பதிவு வந்து 5 ஆண்டு கழிந்தபின் முன்கூட்டியே அறிவித்து, ராயல்டி என்ற உரிமைத் தொகை கட்டி, கவர் வெர்ஷன், அதாவது வந்த பாட்டை நாமே பாடிப் பதிவு செய்யலாம். ஆனால் ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்குக் கட்ட வேண்டுமாம், அதுவும் ஒலிப்பதிவுக்கு மட்டும். 2012இல் சட்டத்தைத் திருத்தியவர்கள் கேசட் கடைக் கணக்கை விடவில்லை! நம் வீடியோவை 300 பேர் பார்த்தால் பெரிசு, அதில் பாதிப் பேர் சொந்தக்காரர்கள். வானொலியும் டிவியும் முன்கூட்டியே அறிவித்து, ராயல்டி கட்டிப் பாட்டுப் போட வழிவிடும் 31டி பிரிவு இணையச் சேவைகளுக்குப் பொருந்தாது என்று மும்பை உயர் நீதிமன்றமும் 2019இல் சொல்லிவிட்டது.

நம் தபேலாக்காரர் ஏற்காடு ரோட்டில் பழைய சினிமாக் கம்பெனியான மாடர்ன் தியேட்டர்ஸின் வளைவைத் தாண்டும்போதெல்லாம் "இவங்க காலத்துப் பாட்டுக்கெல்லாம் உரிமை முடிஞ்சிருக்குமே" என்பார். படத்துக்கு வெளியானதிலிருந்து 60 ஆண்டு, பல பழைய படங்களுக்கு அது முடிந்திருக்கும். வரிக்கும் மெட்டுக்கும் படைத்தவர் இறந்து 60 ஆண்டு ஆக வேண்டும். ஆக, கச்சேரிக்கு முன்னால் கவிஞரின் திதியைத் தேட வேண்டும்.

கவிஞருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் பங்கு போவதில் நமக்கு வருத்தமே இல்லை, நாமும் அந்தப் பிழைப்புதானே. அதனால் செயற்குழு மத்திய அரசின் பதிப்புரிமை அலுவலகத்துக்கு ஒரு மனு தயாரித்திருக்கிறது. பாட்டின் பெயரைப் போட்டால் யார் யாருக்கு என்ன உரிமை என்று காட்டும் ஒரு பொதுப் பட்டியல், சின்னக் குழுக்கள் போனிலேயே சிறு தொகை கட்டி மேடைக்கும் வீடியோவுக்கும் சேர்த்து வாங்கும் ஒரே உரிமம், இவ்வளவுதான் கேட்டிருக்கிறோம்.

மனுவோடு இணைக்க, ஒவ்வொரு குழுவும் அதிகம் பாடும் பாட்டுகளைப் படம், கவிஞர், இசை, கம்பெனி விவரத்தோடு எழுதி அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். வரும்போது சந்தாவையும்.